மில் ரோட்டின் கடைசி வீடு

ஐம்பத்து நாலு மணி நேரம் அடித்த பனிப்புயல் ஓய்ந்த மறுநாள் காலை. ஆறாம் நம்பர் லாரியில் ஏறி உட்கார்ந்தபோது வெர்னா ஷிம்கஸ் வாய்க்குள் எதையோ முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். உற்றுக் கேட்டால் அது பாட்டு. வெர்னா பாடி எம்மெட் கேட்டு இரண்டு வருஷம் ஆகிறது.

"என்னம்மா, இவ்ளோ குஷி? ஊரே அஞ்சடி பனிக்குள்ள புதைஞ்சு கெடக்கு," என்றான் எம்மெட்.

"அதுக்குத்தான் குஷி."

ஈரி ஏரிக்குத் தெற்கே இருக்கிற அந்தச் சின்ன ஊரில் பனி தள்ளும் லாரிகள் மொத்தம் ஒன்பது. ஒவ்வொன்றிலும் இரண்டு பேர். ஓட்டுகிறவர் முன்தகட்டைப் பார்த்துக்கொள்வார். பக்கத்தில் இருப்பவர், வலப்பக்கம் இறக்கைபோல விரியும் இன்னொரு தகட்டை ஏற்றி இறக்குவார். இருபத்திரண்டு வருஷமாக வெர்னா ஓட்டுகிறாள். பதினொரு வருஷமாக எம்மெட் இறக்கை போடுகிறான், மீதி நேரத்தில் சாப்பிடுகிறான். போன இரண்டு குளிர்காலமாக அவன் பக்கத்து ஹீட்டர் மட்டும் வேலை செய்யவில்லை. கெட்டுப்போய்விட்டது என்று வெர்னா சொல்லியிருந்தாள்.

பெரிய வீதியில் திரும்பியதுமே முதல் வேடிக்கை. குளியல் அங்கியும் முழங்கால் பூட்சுமாக ஒரு ஆள், மூச்சு வாங்க ஒரு காரைத் தோண்டி எடுத்துக்கொண்டிருந்தார். கூரை, கண்ணாடி, கதவு என்று எல்லாவற்றையும் துடைத்துச் சுத்தமாக்கிவிட்டு, பின்பக்கம் வந்து நம்பர் பலகையைத் தட்டினார். அப்படியே சிலையாக நின்றார். அது அவர் கார் இல்லை. எதிர்வீட்டு ஜன்னலில் காரின் சொந்தக்காரர் காபிக் கோப்பையோடு நின்றிருந்தார். ஒரு மணி நேரமாக அங்கேயேதான் நின்றிருப்பார் போல. கோப்பையை உயர்த்தி, நன்றி என்பதுபோலத் தலையை ஆட்டினார்.

எம்மெட் விழுந்து விழுந்து சிரித்தான். வெர்னாவோ ஜன்னல்காரரையே பார்த்தாள். "பாத்துக்க எம்மெட். காத்திருக்கத் தெரிஞ்ச மனுஷன்."

இரண்டு தெரு தள்ளி ஒரு வீட்டு முற்றத்தில் பனி மனிதன். நிஜமான கோட்டு, நிஜமான டை, தலையில் நல்ல கம்பளித் தொப்பி. வீட்டுக்காரியின் புருஷன் நவம்பரில் ஒரு பல் டாக்டரம்மாவோடு போய்விட்டான், உடுப்பெல்லாம் அவனுடையது. வீட்டுக்காரி படியில் உட்கார்ந்து சிகரெட் பிடித்தபடி, தன் நாயைப் பனி மனிதன் பக்கம் அவிழ்த்துவிட்டுக்கொண்டிருந்தாள். நாய்க்கு என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்திருந்தது. வெர்னா ஹாரனை இரண்டு தரம் அடித்து மரியாதை செய்தாள்.

பள்ளிக்கூடத்துக்கு அப்பால் வேலியின் இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர். அக்காவையும் தங்கையையும் கட்டிய சகலைகள். தன் வாசல் பனியை இவர் அந்தப் பக்கம் வீச, அவர் இந்தப் பக்கம் வீச, நடுவில் ஆளுயரத்துக்கும் மேலே சுவர் எழும்பியிருந்தது. இருவருக்கும் ஒருவரை ஒருவர் தெரியவில்லை. இரண்டு மண்வெட்டிகளின் முனைகள் மட்டும் மாறி மாறி மேலே வந்து போயின.

"இவங்க ஏப்ரல் வரைக்கும் வீசுவாங்க," என்றான் எம்மெட், இறைச்சி சாண்ட்விச்சைப் பிரித்துக்கொண்டே.

சாண்ட்விச் காகிதம் பிரிகிற சத்தம் கேட்டதும் வெர்னாவின் முகம் மாறியது. அந்தச் சத்தத்துக்கு ஒரு கதை உண்டு.

இரண்டு வருஷம் முன்பு ஒரு பிப்ரவரி வெள்ளிக்கிழமை, மில் ரோட்டின் கடைசி வீட்டு ரோலண்ட் பிட்னர் நெடுஞ்சாலை ஆபீசுக்குப் புகார் எழுதினார். ஆறாம் நம்பர் லாரி தன் தபால் பெட்டியைக் கம்பத்தோடு முறித்துப் போட்டுவிட்டதாம். ‘அந்தப் பெண்ணுக்கு இவ்வளவு பெரிய வண்டியை ஓட்டத் தெரியவில்லை’ என்று கடைசியில் ஒரு வரி. வெர்னா அந்தப் பெட்டியை ஒரு கை தூரம் விட்டுத்தான் தாண்டியிருந்தாள். செய்தி காதுக்கு வந்ததும் போய்ப் பார்த்தாள். முறிந்த பெட்டியில் அரக்குச் சிவப்புச் சாயம் ஒட்டியிருந்தது. லாரி மஞ்சள். பிட்னரின் கார் அரக்குச் சிவப்பு. விசாரணைக்காரர்கள் வந்து பார்ப்பதற்குள் பழைய பெட்டி குப்பைக்குப் போய், புதுப் பெட்டி நின்றது.

விசாரணையில் எம்மெட்டைக் கேட்டார்கள். "நான் சாண்ட்விச்சப் பிரிச்சுக்கிட்டிருந்தேன். எதையும் பாக்கல," என்றான்.

இரண்டு வாரம் அவளை வேலைக்கு வர வேண்டாம் என்றார்கள். அது போகட்டும். அந்த வசந்தத்தில் ஃபோர்மேன் பதவி காலியானது. வரிசைப்படி அவளுக்கு வர வேண்டியது. ‘ஃபைலில் புகார் இருக்கிறது’ என்று சொல்லி, அவளே வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்த கர்ட் என்பவனுக்குக் கொடுத்தார்கள். போன குளிர்காலம் பனியே சரியாகப் பெய்யவில்லை; மில் ரோட்டில் நாலு விரல்கூடத் தேறவில்லை. வெர்னா காத்திருந்தாள். தினமும் காலையில் ஏரிப் பக்கம் மேகத்தைப் பார்த்துவிட்டுத்தான் காபியே குடிப்பாள்.

இப்போது அஞ்சடி.

வயர்லெஸ்ஸில் கர்ட்டின் குரல் வந்தது. "ஆறாம் நம்பர், எங்க இருக்கீங்க?"

"மில் ரோட்டுக்குப் போய்க்கிட்டிருக்கோம்."

இடையில் இன்னொரு குரல் புகுந்தது. தீயணைப்பு நிலையத்து ஆக்னஸ். புயல் நாட்களில் தொண்டர் படையினர் அங்கே ஒரு செட்டை வைத்துக்கொண்டு லாரிகள் பேசுவதையெல்லாம் கேட்பார்கள். "வெர்னா கண்ணு, மில் ரோட்டச் சீக்கிரம் தொறந்துவிடு. பன்னெண்டு மணிக்கு இங்க தீயணைப்புப் படைத் தலைவர் தேர்தல். பிட்னர் நிக்கறாரு. அவரு வரலேன்னா எப்படி?"

"ஆமாமா. அவரு வரலேன்னா எப்படி?" என்றாள் வெர்னா, அத்தனை இனிப்பாக.

எம்மெட் மெல்லுவதை நிறுத்தினான். "வெர்னா. வேணாம்."

"நீ சாப்பிடு. அதுதான் உனக்கு வரும்."

மில் ரோடு ஒரு முட்டுச்சந்து. லாரி கடைசிவரை போய்த் திரும்பித்தான் வரவேண்டும்; வழி நெடுகத் தள்ளிக்கொண்டு வந்த பனி அத்தனையையும் அங்கே எங்காவது இறக்க வேண்டும். ஒரு பக்கம் காலி மனை. மறுபக்கம் பிட்னர் வீட்டின் கார் வழி. எல்லா டிரைவர்களும் காலி மனையில்தான் தள்ளுவார்கள்.

பிட்னர் ஏற்கெனவே வெளியே இருந்தார். ஓய்வுபெற்ற இன்சூரன்ஸ்காரர், அறுபத்து மூணு வயசு, புதுச் சிவப்பு நிறத்தில் பனி ஊதும் இயந்திரம். வழியின் இரு ஓரத்தையும் அளவுகோல் வைத்ததுபோல நேராகச் செதுக்கி, தரை தெரிய ஊதி முடித்து, இடுப்பில் கை வைத்து நின்று அழகு பார்த்துக்கொண்டிருந்தார்.

வெர்னா அரை மைல் பனியைத் தகட்டில் சுருட்டிக்கொண்டு வந்து, திரும்பும் இடத்தில் லேசாக, ரொம்ப லேசாக, ஸ்டீரிங்கை இடப்பக்கம் ஒடித்தாள். மொத்தமும் அந்த வழியின் வாயில் போய் உட்கார்ந்தது. இடுப்பளவு உயரம், வழியின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை வரப்பு கட்டினாற்போல.

கண்ணாடியில் பிட்னரின் வாய் திறந்து மூடுவது தெரிந்தது. இஞ்சின் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. அது ஒன்றுதான் அவளுக்குக் குறை.

பக்கத்துத் தெருக்களை முடித்துவிட்டு முக்கால் மணி கழித்து வந்தபோது பிட்னர் ஊதி முடித்திருந்தார். கோட்டைக் கழற்றிவிட்டார், முகம் பீட்ரூட். வெர்னா கையசைத்தாள். ரோட்டின் மறுபாதியைச் சுருட்டி வந்து அதே இடத்தில் இறக்கினாள். இந்த முறை நெஞ்சளவு.

மூன்றாவது தரம், எம்மெட்டைப் பார்த்து, "இறக்கையைப் போடு," என்றாள்.

"ஓரத்துல இருக்கறதெல்லாம் வந்துடும்மா."

"தெரியும்."

எம்மெட் ஒரு நிமிஷம் அவளைப் பார்த்தான். பிறகு நெம்புகோலை இழுத்தான். ரோட்டோரத்தில் மூன்று நாளாகக் குவிந்திருந்த கட்டிப் பனி, பாறை பாறையாக உருண்டு வந்து சேர்ந்தது. பனி ஊதும் இயந்திரம் அதில் முக்கித் திணறி, ஒரு கட்டியை விழுங்கப் பார்த்து, கறுப்புப் புகை கக்கிவிட்டு நின்றுபோனது. பிட்னர் அதை உதைத்தார். உதைத்த காலைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் இரண்டு சுற்று சுற்றினார். மணி பதினொன்று ஐந்து.

"இத்தன வேடிக்கை பாத்ததுல இதுதான் ஒசத்தி," என்றாள் வெர்னா.

பிட்னர் போனை எடுத்தார். இரண்டு நிமிஷத்தில் வயர்லெஸ் கத்தியது. "வெர்னா, என்ன வெளையாட்டு இது? பனியைக் காலி மனைல தள்ளு!" கர்ட்.

"காலி மனைல தீயணைப்புத் தண்ணிக் குழாய் இருக்கு. அத மறைக்கக் கூடாதுன்னு அக்டோபர்ல நோட்டீஸ் வந்துச்சே. கையெழுத்து யாருது தெரியுமா? ரோலண்ட் பிட்னர், துணைத் தலைவர்."

வயர்லெஸ்ஸில் யாரோ ஒரு டிரைவர் களுக்கென்று சிரித்தான்.

பிட்னர் பனியில் முழங்கால் புதையப் புதைய லாரிக்கு வந்து, படியில் ஏறி, கதவை அறைந்தார். வெர்னா கண்ணாடியைப் பாதி இறக்கினாள்.

"உனக்குக் கண்ணு அவிஞ்சு போச்சா? மூணு தடவ எடுத்திருக்கேன்! மூணு தடவ!"

"நல்லதுதானே. தொப்பை கொறையும்."

"வேணும்னேதானே பண்றே!"

"எனக்கு வேணும்னு ஒண்ணு பண்ணத் தெரியுமா சார்? நான் பொம்பள. இவ்ளோ பெரிய வண்டிய ஓட்டத் தெரியாது. நீங்கதானே எழுதிக் குடுத்தீங்க? எங்க தள்றேன், எங்க எறக்கறேன், எனக்கே புரியறதில்ல."

எம்மெட்டுக்குக் காபி புரையேறியது.

பிட்னர் கடிகாரத்தைப் பார்த்தார். குரலை இறக்கினார். "இங்க பாரு. பன்னெண்டு மணிக்கு நான் அங்க இருக்கணும். இருபது வருஷமா அந்தப் பதவிக்குக் காத்திருக்கேன்."

"நான் ஒரு பதவிக்கு இருபது வருஷம் காத்திருந்தேன்."

"என்ன வேணும் உனக்கு?"

"தபால் பெட்டி. யாரு இடிச்சது?"

"அது முடிஞ்சுபோன வெவகாரம்."

"அப்போ இதுவும் ஏப்ரல்ல உருகி முடிஞ்சுபோகும். காத்திருங்க." அவள் கண்ணாடியை ஏற்றத் தொடங்கினாள்.

"இரு, இரு! சொன்னா வழி விடுவியா?"

"விடுவேன். எங்கிட்டச் சொன்னாப் போதும்."

பிட்னர் எம்மெட்டை எட்டிப் பார்த்தார். எம்மெட் மடியில் இருந்த சாண்ட்விச்சைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தான். அவனுடைய இடது கை பிளாஸ்க்குக்குப் பின்னால் இருந்தது. வயர்லெஸ் மைக்கும் அங்கேதான் தொங்கும். செட்டின் மூலையில் பொட்டுபோல ஒரு சிவப்பு விளக்கு எரிந்தது. வெர்னா அதைப் பார்த்தாள். பார்த்துவிட்டுப் பிட்னர் பக்கம் திரும்பி, இன்னும் கொஞ்சம் கண்ணாடியை இறக்கினாள்.

"சரி. நான்தான்," என்றார் பிட்னர். "அன்னிக்கு வெள்ளிக்கிழம மீன் சாப்பாட்டுக்குப் போயிட்டு வந்தேன். நாலு பீர். சரி, ஆறு. திரும்பறப்ப நேராப் போய் மோதிட்டேன். மார்லீன் கிட்ட என்னத்தச் சொல்றது? போன மாசந்தான் கார் சாவியப் புடுங்கி வெச்சுத் திருப்பிக் குடுத்திருந்தா. உன் லாரி அரை மணி முன்னாடி போயிருந்துது. கைக்குக் கெடச்சது நீ. அவ்ளோதான். போதுமா?"

"விசாரணை வரைக்கும் இழுத்தீங்களே."

"நான் எங்க இழுத்தேன்? மறுநாளே இந்தப் பக்கம் லாரில வந்த கர்ட்டுகிட்ட உள்ளதச் சொல்லி, புகாரத் திருப்பி வாங்கிக்கறேன்னேன். அவன்தான், வேணாம், இருக்கட்டும், வசந்தத்துல ஃபோர்மேன் வேலைக்குப் பேர் பாக்கப் போறாங்க, அந்த ஃபைல்ல ஒரு காகிதம் இருந்தா எனக்கு நல்லதுன்னான். கேளு அவனப் போயி. நான் கெட்டவன்னா அவன் என்னவாம்?"

பிட்னரின் பங்கு அவளுக்கு இரண்டு வருஷமாகத் தெரியும். கர்ட்டின் பங்கு தெரியாது. முதல் குளிர்காலத்தில் அவன் லாரியைப் பள்ளத்தில் இறக்கியபோது, தான் இறக்கியதாகச் சொல்லி அவனைக் காப்பாற்றியவள் அவள்தான். ஸ்டீரிங்கின் மேல் இருந்த இரண்டு கையையும் அவள் மெதுவாக எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அந்த நேரம் லாரி ஓடிக்கொண்டிருக்காதது பிட்னர் செய்த புண்ணியம்.

எம்மெட் கையை எடுத்தான். சிவப்பு விளக்கு அணைந்தது.

வயர்லெஸ் கரகரத்தது. பிறகு இரண்டாம் நம்பர் லாரியிலிருந்து ஒரு குரல்: "ஆறாம் நம்பர், அத இன்னொருக்காச் சொல்லச் சொல்லுங்க. பீர் நாலா ஆறா, சரியாக் கேக்கல."

"ஆறு," என்றது ஆக்னஸின் குரல். "இங்க நாப்பது பேரு கேட்டோம். ஆறுதான்."

பிட்னரின் முகம் பீட்ரூட்டிலிருந்து மாவு நிறத்துக்குப் போனது. எம்மெட்டைப் பார்த்தார், செட்டைப் பார்த்தார், படியிலிருந்து இறங்க மறந்து அப்படியே தொங்கினார்.

"எறங்குங்க," என்றாள் வெர்னா. "வழி விடறேன்னு சொன்னேன்ல. விடணும்."

சொன்னபடி செய்தாள். தகட்டைச் சாய்த்து ஒரே இழுப்பில் அத்தனையையும் வழித்து, கார் வழியைத் தரை தெரியத் திறந்தாள். பிட்னர் செதுக்கியதைவிட அவள் செதுக்கிய ஓரம் நேராக இருந்தது. பனியைக் கொண்டுபோய் மனையின் மறுகோடியில், தண்ணிக் குழாய்க்கு அறுபதடி தள்ளிப் போட்டாள். ஆரம்பத்திலேயே அங்கே போட்டிருக்கலாம்.

பிட்னர் நகரவில்லை. வீட்டுக் கதவு திறந்தது. மார்லீன் வெளியே வந்தாள். நல்ல கோட்டு, உதட்டுச் சாயம், கையில் கார் சாவி. அரக்குச் சிவப்புக் காரை எடுத்துக்கொண்டு புருஷனைத் தாண்டி வந்து, லாரிக்குப் பக்கத்தில் நிறுத்திக் கண்ணாடியை இறக்கினாள்.

"உள்ள நாங்களும் ஒரு செட்டு வெச்சிருக்கோம்," என்றாள். "வழிக்கு ரொம்ப நன்றி."

"ஓட்டுப் போடவா?"

"பின்ன? நான் இருபத்தஞ்சு வருஷ உறுப்பினராச்சே."

கார் போனதும் எம்மெட் சாண்ட்விச்சை ஓரமாக வைத்தான். பிறகு சொன்னான், "பத்து வருஷம் வேலை பாத்தாத்தான் பென்ஷன் உண்டு. அப்போ எனக்கு ஒரு வருஷம் பாக்கி. பயந்துட்டேன். நீ அந்தப் பெட்டியத் தொடவே இல்ல. நான் பாத்தேன்."

"தெரியும்."

"அந்த ஹீட்டர் கெடவே இல்லன்னும் எனக்குத் தெரியும்."

"தெரிஞ்சா வெச்சுக்க," என்று கியரை மாற்றினாள். அன்றைக்கும் அவள் அதைத் திறந்துவிடவில்லை. மறுவாரம்தான் திறந்தாள், அதுவும் பாதி.

தேர்தலில் பிட்னருக்கு மூன்று ஓட்டு விழுந்தது. எதிரே நின்றவருக்கு நாற்பத்தொன்று. அந்த மூன்றில் மார்லீனுடையது ஒன்றா என்று ஊரே கேட்டது. அவள் யாருக்கும் சொல்லவில்லை. கர்ட்டை ஃபோர்மேன் நாற்காலியிலிருந்து எழுப்பி, ஊர்க் கடைசி மண் ரோடுகளுக்குப் போகும் ஒன்பதாம் நம்பர் லாரிக்கு அனுப்பினார்கள். அந்த லாரிக்கு உண்மையாகவே ஹீட்டர் கிடையாது. நாற்காலி வெர்னாவுக்கும் வரவில்லை. பக்கத்து ஊரிலிருந்து ஒரு ஆளைக் கொண்டுவந்தார்கள். அதைக் கேட்டபோது அவள் கொஞ்ச நேரம் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். பிறகு கர்ட் உறைந்த விரல்களை ஊதிக்கொண்டே லாரியில் ஏறுவதைப் பார்த்தாள். கடித்த பல் தானாகவே விலகியது.

வாரக் கடைசியில் நெடுஞ்சாலை ஆபீசில் கூப்பிட்டு விசாரித்தார்கள். மேலதிகாரி திருமதி ஆல்ட்ரிச் நியாயமானவள், மூன்று நாளாகத் தூங்காதவள். மேஜையில் வெர்னாவின் பழைய ஃபைல் இருந்தது. அதிலிருந்து புகாரை எடுத்து, அவள் கண் முன்னாலேயே கிழித்தாள்.

"இது போச்சு," என்றாள். "இப்ப வயர்லெஸ் விஷயம். ஒருத்தருக்குத் தெரியாம அவர் பேச்ச ஊருக்கே ஒலிபரப்பறது தப்பு. மூணு நாள் வேலை கெடையாது. ஆனா எம்மெட், அது முழுக்கத் தன் வேலைதான், உங்களுக்கு ஒண்ணுமே தெரியாதுன்னு எழுதிக் குடுத்திருக்கார். நீங்களும் அப்படியே ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டா, உங்க பேர் இதுல வராது. ஃபைல் சுத்தமா இருக்கும்."

பேனாவை நீட்டினாள்.

வெர்னா பேனாவை வாங்கி, காகிதத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். எம்மெட்டின் கோணல் எழுத்தைப் படித்தாள். வெளியே மறுபடியும் தூறல்போலப் பனி விழ ஆரம்பித்திருந்தது.

"செவப்பு வெளக்கு எரிஞ்சுது மேடம்," என்றாள். "நான் பாத்தேன். மைக் தெறந்திருக்கு, வாய மூடுங்கன்னு அந்தாளுக்குச் சொல்லியிருக்கலாம். சொல்லல. கேக்கட்டும்னு கண்ணாடிய இன்னும் கொஞ்சம் எறக்கிவிட்டேன்."

"இத எழுத வேண்டிய அவசியமே இல்ல, வெர்னா."

"எம்மெட் பட்டன அமுக்கினான், அவ்ளோதான். மீதியெல்லாம் நான் பண்ணது. ரெண்டு வருஷமாப் பண்ணது. அத எதுக்கு அவன் பேருல எழுதணும்?"

கொட்டை கொட்டையான எழுத்தில் நாலு வரி எழுதினாள். கண்ணாடியை எவ்வளவு இறக்கினாள் என்பது உட்பட. கையெழுத்துப் போட்டு, தேதி போட்டு, பேனாவை மூடிக் கொடுத்துவிட்டு, மூன்று நாள் தூங்குவதற்காக வீட்டுக்குப் போனாள்.